புது வயரிங் போட்டதிலிருந்து ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ சத்தம். எங்கே தேடுவது?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். திருவையாற்றில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் ஒரு பாட்டு செட் இருக்கிறது. 1980களில் அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், எட்டு அங்குல வூஃபர் வைத்த இரண்டு மரப்பெட்டி, ஒரு பெல்ட் டிரைவ் ரெக்கார்டு பிளேயர். கேபிள் டிவி செட்-டாப் பாக்ஸிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர் இரண்டும் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் சாக்கெட்டுக்குப் போகின்றன. அம்மாவுக்கு டிவி கச்சேரியையும் பெரிய ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும்.

வைகாசியில் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அதோடு கூடத்து வயரிங்கையும் மாற்றினோம். பழைய மரப்பலகை போர்டையெல்லாம் கழற்றிவிட்டு மாடுலர் சுவிட்ச் வைத்தாகிவிட்டது. செட் திரும்ப அதே இடத்துக்கு வந்ததிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். பாட்டு ஓடும்போது தெரியவில்லை, இரண்டு பாட்டுக்கு நடுவில் அப்பட்டமாகத் தெரிகிறது. அம்மா கேட்டுவிட்டு, “அஞ்சு கட்டைக்கு ஒரு துளி மேலே நிக்கறதுடா, மந்தரத்துல” என்றார். அவர் அந்தச் சுருதியில் பாடுகிறவர், அதனால் இதில் அவர் வார்த்தையை நம்பலாம்.

இதுவரை நான் செய்தது: ரூ. 2,800-க்கு ஒரு ‘ஆக்ஸிஜன் இல்லாத செம்பு’ வயர் வாங்கி மாற்றினேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அது மனப்பிரமையாகவும் இருக்கலாம். ஸ்பைக் பஸ்டர் வாங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். பெட்டியைப் பார்க்காமலே, “கண்டன்சர் எல்லாம் வயசாகிடுச்சு, மொத்தமா மாத்திடலாம், 4,500 ஆகும்” என்றார்.

சில விவரங்கள். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தால் சத்தம் இல்லை, ஏற்ற ஏற்றக் கூடுகிறது. ஆக்ஸிலும் இருக்கிறது, ரெக்கார்டு பிளேயர் செருகும் ஃபோனோவில் இன்னும் அதிகம். ஒன்றும் செருகாத டேப் பக்கம் திருப்பினால் அமைதி. எனக்குச் சந்தேகம் வயரிங்காரர் மேல்தான், ஏதோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். 4,500 கொடுப்பதற்கு முன்னால் நானே என்னென்ன பார்க்கலாம்?

வால்யூம்ஃபுல்

இது கிரவுண்டு லூப் பாஸ், எர்த் வழியாக வேண்டாத கரண்ட் சுற்றி வருவது. ரொம்ப சிம்பிள். ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் மேலே தடியாக இருக்கும் மூன்றாவது (எர்த்) பின்னைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பின் அடாப்டர் போட்டு செருகுங்கள். சத்தம் அந்த நொடியே நின்றுவிடும். நான் ஆறு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழையசால்டரிங்

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சத்தம் நிற்கும் என்பது உண்மைதான். அதற்காக விட்டுக்கொடுப்பது எதை என்று பாருங்கள். முப்பது, நாற்பது வருஷத்து டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் என்றைக்காவது ஒருநாள் தளர்ந்தால், 230 வோல்ட் நேரே அந்த இரும்புப் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும், ஆர்சிசிபி (கசிவு கண்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) விழும். எர்த் இல்லாவிட்டால் முதலில் தொடுகிற ஆள்தான் எர்த். ஆறு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது ஹெல்மெட் போடாத ஆளின் கணக்கு.

தம்பி காவிரிக்கரை, நான் சென்னை ரிச்சி தெருவில் 22 வருஷம் ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்தவன். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. வால்யூமைக் குறைத்தால் சத்தம் போய்விடுகிறது, டேப் பக்கம் அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். பவர் சப்ளை கண்டன்சர் காய்ந்திருந்தால் 100 ஹெர்ட்ஸில் உறுமும், பெரும்பாலும் வால்யூம் பொட்டன்ஷியோமீட்டருக்குப் பின்னால் இருக்கிற பவர் ஸ்டேஜிலேயே அது நுழைந்துவிடும். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும் சத்தம் இருக்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் இருக்கும். உங்கள் பெட்டியில் அப்படி இல்லை. ஆகவே அந்த 4,500 இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும்.

சத்தம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. எந்த வயர் வழியாக என்பதுதான் கேள்வி. அதற்கு மீட்டர்கூட வேண்டாம், ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் போதும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஸ்பீக்கர் வயர், பவர் கார்டு தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆன் செய்து, ஆக்ஸில் வைத்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் காதை வூஃபரிடம் வையுங்கள். லேசான ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்டால் ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது. அப்புறம் ஒரு வயர், ஒரு சோதனை. செருகும் ஒவ்வொரு தடவையும் வால்யூமைக் குறைத்துவிட்டுச் செருகுங்கள், மறந்தால் வூஃபர் ‘டம்’ என்று எகிறும்.

முக்கியமான சோதனை: செட்-டாப் பாக்ஸ் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்தே இருக்கட்டும், பாக்ஸுக்கு வருகிற கேபிள்காரரின் கருப்பு வயரை மட்டும் திருகிக் கழற்றுங்கள். கழற்றும்போது எல்லாவற்றையும் ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். அந்த வயர் முனையின் உலோக வளையத்தையும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஏன் என்று சோதனை முடிந்ததும் சொல்கிறேன்.

இன்னொன்று: பழைய மரப்பலகை போர்டில் கூடத்துக்கு எர்த் இருந்ததா?

வெள்ளிக்கம்பி

நல்ல வயருக்கு மேலும் கீழும் பவர் வயர் ஓடினால் 2,800 கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. சிக்னல் வயரும் பவர் கார்டும் ஒட்டிக்கொண்டு இணையாக ஓடக் கூடாது, குறுக்கே வெட்டிப் போவதுதான் சரி. அதையும் பாருங்கள். அடுத்த படியாக வெள்ளி முலாம் போட்ட வயர் ஒன்றை முயன்றால் வித்தியாசம் தெரியும்.

ஸ்கார்பரோவாசி

அம்மாவின் காதுக்கு ஒரு கும்பிடு. இந்தியாவில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. ஐந்து கட்டை என்பது ஹார்மோனியத்தில் ஜி, அதன் கீழ் ஸ்தாயி 98 ஹெர்ட்ஸ். 100 அதற்கு ஒரு துளி மேலே. மீட்டரே வேண்டாம் போலிருக்கிறது! இங்கே கனடாவில் 60 ஹெர்ட்ஸ். எங்கள் வீட்டு இரைச்சல் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் எங்கேயோ நின்று கழுத்தறுக்கிறது. அதோடு சேர்த்துப் பாடக்கூட முடியாது.

உதவியாக ஒன்று: சத்தம் ‘ம்ம்ம்’ என்று வழவழப்பாக இல்லாமல் ‘ர்ர்ர்’ என்று அரத்தால் ராவுவதுபோல் இருந்தால், ஃபேன் ரெகுலேட்டரையோ விளக்கு டிம்மரையோ முழுசாகத் திருப்பிப் பாருங்கள். என் வீட்டில் பாதிக் குற்றவாளி சாப்பாட்டு மேசை டிம்மர்தான்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதே வேலை.

பழையசால்டரிங் சார் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். நான் யோசித்தே பார்க்கவில்லை. பழைய போர்டில் இரண்டு ஓட்டை பாயின்ட்தான். அப்பா ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கை ஒரு அடாப்டரில் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார். கூடத்துக்கு எர்த்தே கிடையாது. இந்தத் தடவைதான் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி, அங்கிருந்து பச்சை வயர் இழுத்தார்கள். அதைச் சொன்னதும் அம்மா இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினார். மழைக்காலத்தில் அந்தப் பெட்டியின் குமிழைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். அதனால் அதன் முன்னால் எப்போதும் ஒரு மணைப் பலகை கிடக்கும், அதன் மேல் ஏறி நின்றுதான் பாட்டு போடுவோம். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான், பலகை ஏதோ சாஸ்திரம் என்றே நினைத்திருந்தேன். புது வயரிங்குக்குப் பிறகு அந்தச் சுருக் இல்லை.

சோதனை முடிவுகள்:

எல்லாம் கழற்றிய நிலையில் சுத்தமான அமைதி. காதை ஒட்டி வைத்தால்தான் ‘ஸ்ஸ்’ கேட்கிறது.

ஆக்ஸில் செட்-டாப் பாக்ஸ் மட்டும், கேபிள்காரர் வயர் இல்லாமல்: அமைதி.

கேபிள்காரர் வயரைத் திருகியதும்: ‘ம்ம்ம்’. முழுசாகத் திருகக்கூட வேண்டாம், வளையம் பட்டாலே போதும்.

ஃபோனோவில் ரெக்கார்டு பிளேயர் மட்டும், மற்றதெல்லாம் கழற்றிய நிலையில்: முன்பு இருந்ததில் பாதி சத்தம் இன்னும் இருக்கிறது. இது எனக்குப் புரியவில்லை.

ரெகுலேட்டர், டிம்மர் ஒன்றும் காரணமில்லை. வயரிங்காரர் மேல் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்பு கேட்டுக்கொண்டேன். ஆனால் எர்த் போட்டதால்தானே வந்தது? அப்படியானால் வால்யூம்ஃபுல் சொன்னதும் ஒருவிதத்தில் சரிதானோ?

பழையசால்டரிங்

எர்த் போட்டதால் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான் தம்பி. கோளாறு உங்கள் அப்பா காலத்திலேயே உள்ளே வந்துவிட்டது. அந்த மணைப் பலகைதான் சாட்சி.

நடப்பது இது. டிவி, செட்-டாப் பாக்ஸ் எதிலும் உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை. அதன் இரைச்சலை அடக்க ஒரு சின்ன கண்டன்சர் வழியாகக் கொஞ்சம் கரண்டை உலோகப் பக்கத்துக்குக் கசியவிட்டிருப்பார்கள். ஒரு பெட்டிக்குக் கால் மில்லி ஆம்பியர்கூட இருக்காது, தனியாக ஒரு தொந்தரவும் இல்லை. கேபிள் டிவியிலோ ஒரே கருப்பு வயர் வீட்டுக்கு வீடு, கைப்பிடிச் சுவருக்குச் சுவர் தாவிப் போகிறது. அதன் வெளிப்பின்னல் (நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாகத் தெருவில் உள்ள எல்லா டிவியும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பின்னலை எங்கேயாவது எர்த்தோடு சேர்த்திருக்க வேண்டும். பல இடங்களில் சேர்ப்பதில்லை. ஆகக் கசிவெல்லாம் கூடிச் சில மில்லி ஆம்பியராகி, போக வழியில்லாமல் அந்தப் பின்னலில் நிற்கிறது. முன்பு மழை நாளில் உங்கள் கை வழியாகப் போனது அதுதான். இப்போது உங்கள் வீட்டில் நல்ல எர்த் கிடைத்ததும், தெருவே அங்கே வடிகிறது. வடிகிற வழி: கருப்பு வயர், செட்-டாப் பாக்ஸ், சிவப்பு வெள்ளை வயரின் வெளிப்பின்னல், ஆம்ப்ளிஃபயர் பெட்டி, மூன்றாவது பின், கொல்லைக் குழி.

அந்தச் சிவப்பு வெள்ளை வயரின் வெளிப்பின்னல்தான் பாட்டுக்கும் திரும்பும் பாதை. அதில் வேறு கரண்ட் ஓடினால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு மில்லி வோல்ட் போலச் சின்ன வித்தியாசம் வரும். ஆம்ப்ளிஃபயருக்கு அது பாட்டா இரைச்சலா என்று தெரியாது, சேர்த்துப் பெருக்கிவிடும். உங்கள் 2,800 வயரில் பின்னல் தடியாக இருந்திருக்கும், வித்தியாசம் குறைந்திருக்கும். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது என்றீர்களே, அது பிரமை இல்லை. ஆக்ஸிஜனுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. வெள்ளிக்கம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், குறுக்கே வெட்டிப் போக வேண்டும் என்று அவர் சொன்னது நல்ல பழக்கம்.

எர்த்தைப் பிடுங்கினால் பாட்டு சுத்தமாகிவிடும், சுருக் திரும்ப வந்துவிடும். வெட்ட வேண்டிய இடம் அது இல்லை, கருப்பு வயர் வீட்டுக்குள் வருகிற இடம். அங்கே ‘கேல்வானிக் ஐசோலேட்டர்’ என்று விரல் நீளத்துக்கு ஒரு சாமான் போடலாம். உள்ளே நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் தனித்தனிக் கண்டன்சர். டிவி சிக்னல் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் வருவதால் அது தாராளமாகப் போகும், 50 ஹெர்ட்ஸ் நின்றுவிடும். கேபிள்காரரைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் நுழையுமுன் பின்னலை எர்த்தோடு கட்டச் சொல்வதும் நல்லது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: வீட்டு மாடியில் குடை வைத்த டிடிஎச் என்றால் இந்த ஐசோலேட்டர் உதவாது. குடையின் நடுவில் இருக்கிற எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அதே வயரில்தான் ஏறுகிறது, அதையும் சேர்த்து நிறுத்திவிடும். அவர்கள் ஆடியோ வயரில் 1:1 டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். ரொம்ப மலிவானதை வாங்கினால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும், அந்தச் சின்ன இரும்பு கீழ்ச் சத்தத்தைத் தாங்காது. டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் பிரச்சினையே இல்லை, ஒளி போகிற நாரில் எர்த் போகாது.

இனி ஃபோனோ. அது வேறு வியாதி, ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது நாலைந்து மில்லி வோல்ட்தான், செட்-டாப் பாக்ஸ் கொடுப்பதில் நூறில் ஒரு பங்கு. அதை 100 மடங்கு பெருக்க வேண்டும். அதோடு போகவில்லை. தட்டு வெட்டும்போது கீழ்ச் சத்தத்தைக் குறைத்தே வெட்டுகிறார்கள், இல்லாவிட்டால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் விழும். குறைத்ததை ஃபோனோ ஸ்டேஜ் திரும்ப ஏற்றிக் கொடுக்கும். ஆர்ஐஏஏ என்கிற ரெக்கார்டுத் தர அளவின் கணக்குப்படி 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸுக்கு 17 டெசிபல் கூடுதல், சுமார் 7 மடங்கு. ஆக மொத்தம் 700 மடங்கு. உலகத்தில் வேறு எந்த சாக்கெட்டும் கரண்ட் இரைச்சலை இவ்வளவு ஆசையாக வரவேற்காது.

இரண்டு விஷயம் பாருங்கள். பிளேயரிலிருந்து ஒல்லியாக ஒரு தனி வயர், முனையில் பிறை மாதிரி தகடு வைத்து வரும். அது ஆம்ப்ளிஃபயர் பின்னால் ‘ஜிஎன்டி’ என்று எழுதிய திருகில் இறுக்கமாக இருக்கிறதா? அடுத்தது, பிளேயர் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஃபோனோவில் வைத்து, ஊசியைத் தட்டில் வைக்காமல் கையால் ஆர்மை மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். இடத்துக்கு இடம் சத்தம் மாறினால் அது எர்த் இல்லை, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தத்தை கார்ட்ரிட்ஜ் சுருள் நேரடியாகப் பிடிக்கிறது. வெள்ளையடித்த பிறகு பிளேயர் அதே இடத்தில்தான் இருக்கிறதா?

வால்யூம்ஃபுல்

சரி சார், ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் கேபிள் டிவிதான். இன்றைக்கு டெஸ்டரை அந்தக் கருப்பு வயர் வளையத்தில் வைத்துப் பார்த்தேன், நியான் மங்கலாக எரிகிறது. பின்னைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஐசோலேட்டர் வரும்வரை கச்சேரி இரைச்சலோடுதான்.

காவிரிக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஐசோலேட்டர் ரூ. 350. கருப்பு வயரில் திருகினேன், ஆக்ஸில் இரைச்சல் போய்விட்டது. வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினாலும் ‘ஸ்ஸ்’தான். கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, “எங்க லைன்ல பிரச்சினை இல்லை” என்றார். அவர் கண் முன்னால் டெஸ்டரை வளையத்தில் வைத்துக் காட்டினேன். தெருமுனையில் அவர்கள் கேபிள் லைனின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி இருக்கிற இடத்தில் எர்த் கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் கட்டவில்லை.

ஃபோனோ கதை நீங்கள் சொன்னது அப்படியே. முன்பு பிளேயர் தனி ஸ்டூலில் இருந்தது. வெள்ளையடித்த பிறகு, இடம் அடைக்கிறதே என்று நான்தான் அதை ஆம்ப்ளிஃபயரின் வலது பக்கத்தில் ஒட்டி வைத்தேன். பெட்டியின் வலது மூலையில்தான் டிரான்ஸ்ஃபார்மர். ஆர்மை உள்பக்கம் கொண்டுபோனால் சத்தம் கூடுகிறது, அதன் தாங்கிக்குக் கொண்டுவந்தால் குறைகிறது. பிளேயரை மறுபடி ஸ்டூலுக்கு மாற்றினேன். வயர் நீளம் இரண்டு அடிதான் விட்டது, அதற்கே முக்கால்வாசி போய்விட்டது. பிறைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பச்சையாகக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்துத் திருகினேன். மீதியும் போனது. இப்போது ராஜா தட்டில் பாட்டு ஆரம்பிக்கும் முன் ஊசி இறங்குகிற ‘கிர்க்’ மட்டும் கேட்கிறது.

ஒரு சந்தேகம் மிச்சம். நேற்று கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடியபோது ஆம்ப்ளிஃபயர் பெட்டியே உறுமியது. ஸ்பீக்கரில் இல்லை, பெட்டிக்குள். கையை வைத்தால் அதிர்கிறது.

பழையசால்டரிங்

உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சைன் அலைக்குச் செய்தது. சதுர அலையில் தகடுகள் அதிரும், சூடும் ஏறும். கரண்ட் இல்லாத நேரத்தில் செட்டை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் இன்வெர்ட்டரை மாற்றும்போது சைன் வேவாக வாங்குங்கள். ஸ்பீக்கரில் வராதவரை ஆம்ப்ளிஃபயரைத் திறக்க வேண்டாம்.

அம்மா என்ன சொன்னார்கள்?

காவிரிக்கரை

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்தான், பில்லை எடுத்துப் பார்த்தேன்.

அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், காலையில் பாட உட்காரும்போது சுருதிப் பெட்டிக்கு பேட்டரி வாங்கிவரச் சொன்னார். மணைப் பலகை இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. எடுக்கலாம் என்றால், அவர் எடுக்க விடமாட்டேன் என்கிறார்.